வைக்காதீங்கம்மா

பழைய சிம்மைக் கழற்ற ஊசி தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் அடித்தது. திரையில் வந்த நீளமான வெளிநாட்டு எண்ணைப் பார்த்ததும் தையல்காரி தேடுவதை நிறுத்தினாள்.

எதிரே இருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "அவனா?" என்றான். கையிலிருந்த புது சிம் நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல், சுவரோடு முதுகை ஒட்டிக் குந்திவிட்டான்.

கணவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். நடுக்கடலில் ஏணி போட்டு ஏறிய கொள்ளைக்கூட்டம், துப்பாக்கி முனையில் கப்பலையும் ஆட்களையும் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. கம்பெனி எப்படியோ பேசி முடித்து எல்லாரையும் மீட்டுக் கொண்டுவந்தது. ஆனால் வீடு வந்து சேர்ந்தது அவன் உடம்பு மட்டும்தான். குளியலறைக்குப் போவதற்குக்கூட "போகட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டு நிற்பான்.

அவளை ஆட்டிவைத்தது ஒரு குரல்.

அந்தக் கூட்டத்துக்காகப் பிடிபட்டவர்களின் வீடுகளுக்கு ஃபோனில் பேசுகிறவன் அவன். பெயர் சொல்ல மாட்டான். "கம்பெனிக்காரங்களை நெருக்குங்கம்மா. இல்லேன்னா உங்க வீட்டுக்காரர் உசுருக்கு யாரும் பொறுப்பில்ல" என்பான், எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமே இல்லாமல். தன் பாஷை பேசுகிற ஒருத்தன் அந்தக் கும்பலோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிரட்டலையாவது பொறுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. "வைக்காதீங்கம்மா" என்பான். அப்புறம் பேசவே மாட்டான். மூச்சு மட்டும் கேட்கும்.

ஒருநாள், "பின்னாடி யாரோ படிக்கிறாங்களே?" என்று கேட்டான்.

"என் பொண்ணு. வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறா." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த வகுப்பும்மா?"

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று வேவு பார்க்கிறான் என்றே நினைத்தாள். அன்றிலிருந்து அந்த எண் வந்தாலே மகளைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டிவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, மின்விசிறியையும் அணைத்த பிறகுதான் எடுப்பாள்.

கணவன் வந்த பிறகு அழைப்பு நின்றது, குரல் நிற்கவில்லை. துணியைத் தைத்துக்கொண்டே இருப்பாள், திடீரென்று காதோரம் "வைக்காதீங்கம்மா" என்று கேட்கும். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

"அவன் எப்படி இருப்பான்? நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று ஒருமுறை கணவனிடம் கேட்டாள்.

"இல்ல. எங்களைக் கீழ அடைச்சு வச்சிருந்தாங்க. உன்கூடப் பேச விடறப்போ கண்ணைக் கட்டித்தான் மேல கொண்டுவருவாங்க. குரல்தான் தெரியும்."

நம்பரை மாற்றிவிடலாம் என்று அவன்தான் கெஞ்சிக்கொண்டே இருந்தான். வாடிக்கைக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிற நம்பராயிற்றே என்று தள்ளிப் போட்டவள், இன்று ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள்.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது.

"எடுக்காதே. சிம்மை உருவி உடைச்சுப் போடு," என்றான் கணவன். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

அவனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் நம்பரை மாத்துவேன்" என்று ஃபோனை எடுத்தாள்.

"இன்னும் என்னடா வேணும் உனக்கு? என் புருஷன் பாதி உசுரா வந்து கிடக்கிறாரு. உனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்காதா? அவங்க வயிறு இப்படி எரிஞ்சா தெரியும்டா உனக்கு!"

இரும்பில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. கூடவே அந்த மூச்சு.

"வீட்டுக்காரர் நல்லபடியா வந்து சேர்ந்துட்டாராம்மா?" இப்போது படிப்பதுபோல் இல்லை. அடங்கிய குரலில் கேட்டான்.

"வந்துட்டாரு. அதுல உனக்கென்ன?"

"சந்தோஷம்மா. இவங்க சாப்பிட்டுட்டுத் தூங்கறாங்க. முழிச்சுக்கிட்டா என்னைக் கொன்னுடுவாங்க. சீக்கிரம் சொல்லிடறேன்."

"யாரு? உன்னை எதுக்கு அவங்க கொல்லணும்?"

"நானும் பிடிபட்டவன்தாம்மா. உங்க வீட்டுக்காரர் கப்பலுக்கு முன்னாடியே எங்க கப்பலைப் பிடிச்சுட்டாங்க. முதலாளி கப்பலும் வேணாம், ஆளும் வேணாம்னு கைகழுவிட்டாரு. இதுவரைக்கும் எங்களை யாரும் கேட்டு வரலை. பாஷை தெரியும்னு என் தலையில துப்பாக்கியை வச்சுத்தான் உங்ககிட்டப் பேச வச்சாங்க."

தையல்காரி மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவன் மெல்ல எழுந்து வந்து ஃபோனுக்குப் பக்கத்தில் காதை வைத்தான்.

"அப்ப... உங்க வீட்டுக்குப் பேசலாமே? எதுக்கு எனக்குக் கூப்பிடறீங்க?" தன் வாயில் 'டா' போய் 'ங்க' வந்ததை அவளே கவனிக்கவில்லை.

"என் ஃபோனைப் பிடுங்கி அன்னைக்கே கடல்ல வீசிட்டாங்க. வீட்டு நம்பரெல்லாம் அதோட போச்சு."

அவன் குரல் இன்னும் இறங்கியது.

"தினமும் அடிச்சு அடிச்சு, எனக்கு மனப்பாடமா இருக்கிறது உங்க நம்பர் ஒண்ணுதாம்மா."