ஏழு சாமந்தி

"யாரு செத்தது?"

கதவைத் திறந்த திபோ கேட்ட முதல் கேள்வி இதுதான். வாசலில் பெர்மெத் ஏழு மஞ்சள் சாமந்திப் பூக்களை மார்போடு அணைத்தபடி, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். அவன் கேட்டது காதில் சரியாக விழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

பின்னால் வந்த ஒரியான் அண்ணனை முழங்கையால் இடித்தாள். ஆனால் பூவைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பெர்மெத் கிர்கிஸ்தானிலிருந்து லியோன் நகரத்துக்குப் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது. படித்ததைவிடச் சுற்றியதும் தின்றதும்தான் அதிகம். கைபேசியில் ஒரு படம் தேவாலயக் கோபுரம் என்றால் அடுத்த படம் பாலாடைக்கட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் குன்றின் மேல் ஏறி, இரண்டு ஆறுகளும் ஊருக்குள் வளைந்து ஓடுவதை வாய் பிளந்து பார்த்தாள். இறங்கி வந்து ஆற்றங்கரைச் சந்தையில் கடைக்காரர்கள் நீட்டிய துண்டுகளையெல்லாம் ருசி பார்த்தாள். அதற்கப்புறம்தான் பூ வாங்கினாள்.

ஆனால் இந்த மதிய விருந்து விளையாட்டுக் காரியம் இல்லை. மாதக் கடைசியில் அவள் விடுதியைக் காலி செய்தாக வேண்டும். வகுப்புத் தோழி ஒரியானின் வீட்டில் மாடியறை ஒன்று இருந்தது. ஒரியானின் அப்பா இறந்ததிலிருந்து பூட்டியே கிடந்தது. எத்தனையோ மாணவர்கள் கேட்டும் அவள் அம்மா தரவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை அண்ணனையும் என்னையும் கட்டாயம் வீட்டுல இருக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீயும் சாப்பிட வந்துடு. அவங்களுக்கு உன்னைப் பிடிச்சுட்டா ரூம் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள் ஒரியான்.

அந்த அம்மா, மதாம் வெர்னே, பூவைப் பார்த்ததும் கை துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க வீட்டுக்கா வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமாம் மதாம். உங்களுக்குத்தான்."

மேசை நடுவில் பூ எதுவும் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றிய ஜாடி ஒன்று இருந்தது. மதாம் பூக்களை அதில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

சூப்பு குடிக்கும்போது திபோ விளக்கம் சொன்னான். சாமந்தி இந்த ஊரில் கல்லறைக்குத்தான் போகும், உயிரோடு இருக்கிறவர் வீட்டுக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்றான். "நல்லவேளை, மலர்வளையமா கட்டிட்டு வரலை" என்றும் சேர்த்துக்கொண்டான்.

பெர்மெத்துக்குக் காது மடல் வரை சூடேறியது. சந்தையில் எல்லோரும் சாமந்தியை அள்ளிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. பூக்காரம்மா அவள் கையைப் பிடித்து, "தைரியமா இரும்மா" என்று சொன்னாளே! முதல்முறை விருந்துக்குப் போகிறவளுக்குத் தெம்பு சொல்கிறாள் என்றல்லவா நினைத்தாள்?

"எங்க ஊர்ல இதைப் பிறந்தநாளுக்கே கொடுப்போம்" என்றாள். "எந்தப் பூவா இருந்தாலும் இரட்டைப்படையில கொடுத்தாதான் அது சாவுக்கு. அதனாலதான் பார்த்து ஏழு வாங்கினேன்."

அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கணக்கெல்லாம் சரிதான். பூதான் தப்பு" என்றான் திபோ.

மதாம் மட்டும் சிரிக்கவில்லை. "இரட்டைப்படையா?" என்று ஒருமுறை கேட்டார். அவ்வளவுதான்.

அடுத்து கெனல் வந்தது. மீனை அரைத்துப் பிடித்து, இறால் குழம்பில் உப்பவிட்டது. அம்மா இதைச் செய்து வருஷக்கணக்காகிறது, எல்லாம் உனக்காகத்தான் என்று ஒரியான் காதில் கிசுகிசுத்தாள். அது வேறு பெர்மெத்தைக் குத்தியது. ஊர் முழுக்கத் தேடித் தேடித் தின்ற நாக்குக்கு அன்று உப்புகூடத் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் எதிரே சாமந்தி நின்றது. தட்டையே பார்த்துக்கொண்டு விழுங்கினாள்.

கணவனை இழந்தவர் வீட்டுக்குச் சாவுப்பூவோடு வந்தவளை யார் குடிவைப்பார்கள்? அறை போனால் போகட்டும், அந்த அம்மாளின் மனதைப் புண்படுத்திவிட்டோமே என்று கூனிக் குறுகிப்போனாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

இனிப்பு முடிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுடுங்க மதாம். தெரியாம செஞ்சுட்டேன். பூவை நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஜாடியின் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றார் மதாம்.

மதாம் எழுந்து உள்ளே போய், மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். பூக்களை ஜாடியிலிருந்து எடுத்து, காம்புகளின் ஈரத்தைத் துடைத்தார். தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்குத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்து பெர்மெத் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

மதாம் ஒரு பூவை உருவி அவள் கையில் வைத்தார்.

"இது மாடியறைச் சன்னலுக்கு, நீயே கொண்டுபோய் வை. மீதி ஆறு. உங்க ஊர்க் கணக்குக்கும் இப்போ சரியாப் போச்சு."

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"யாரு செத்ததுன்னு கேட்டியே திபோ, உங்கப்பாதான்டா, இதே தேதியில. காலி ஜாடியில தண்ணி ஊத்தி வச்சுட்டு, காலையிலேருந்து உங்க ரெண்டு பேர் கையைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."