மொட்டை மாடிப் பூட்டு

"அவனேதாம்மா. கையும் களவுமா பிடிக்கல, அவ்வளவுதான்," என்றார் செகரட்டரி.

பாத்ரூமில் நின்று குழாயை முறைத்துக்கொண்டிருந்தார். சற்று முன்புவரை கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது நூலாக இறங்கியது. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் செகரட்டரி. வீடு கடைசி மாடியில். தலைக்கு மேலேயே தண்ணீர்த் தொட்டி இருந்தும் இந்தக் கதி.

மகள் பச்சைக் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். பேரனைத் தினமும் காலையில் வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும். வீட்டு ஹீட்டரோ பெரிய கோபக்காரன், தண்ணீரின் வேகம் குறைந்தால் பட்டென்று அணைந்துவிடும். வந்த புதிதில் ஒருநாள் பாதிக் குளியலில் அப்படி ஆகி, சோப்பு நுரையோடு பிள்ளை வீறிட்டதில் மகளும் சேர்ந்து அழுதுவிட்டாள்.

"இப்பல்லாம் குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் நல்லாத்தான்ப்பா வருது. அப்புறம்தான் குறையுது," என்றாள் மகள்.

"அதைத்தானே நானும் சொல்றேன். அவன் மேலே போயிட்டு வர்றான், தண்ணி குறையுது."

'அவன்' என்பது தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பஸ் டிரைவர். கிளச் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவர். வாக்கிங் முடிந்து செகரட்டரி திரும்பும்போதெல்லாம், அந்த மனிதர் கைப்பிடியைப் பிடித்தபடி மொட்டை மாடிப் படியில் இறங்கி வருவார். எதிரே பார்த்தால் ஒரு சிரிப்பு. செகரட்டரி உள்ளே போய் முகம் கழுவக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாகியிருக்கும். ஒருநாள் என்றால் தற்செயல். ஒரு வாரமாகவா?

எல்லா வீட்டுக் குழாய்களும் வால்வுகளும் மொட்டை மாடியில்தான் வரிசையாக இருக்கின்றன. யார் வால்வையும் யாரும் திருகலாம். செகரட்டரி ஒருநாள் மேலே ஓடிப் பார்த்தார். அவர் வீட்டு வால்வு முழுசாகத் திறந்தே இருந்தது. நான் வருவேன் என்று தெரிந்து திறந்து வைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இதில், கேட் அருகே ஒருநாள் டிரைவரே வந்து, பேரன் சுகமாகக் குளிக்கிறானா என்று வேறு விசாரித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் செகரட்டரிக்கு ஞாபகம் வந்தது.

"முட்டி போனவன் காரணம் இல்லாம இத்தனை மாடி ஏறுவானா? பச்சைப்பிள்ளை குளிக்கிற தண்ணியத் திருடுறான் பாரு, ஈனப்பய." பாத்ரூம் ஜன்னல் பக்கம் திரும்பி, குழாய்கள் இறங்கும் இருட்டுச் சந்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை திட்டினார். மகள் முகம் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மொட்டை மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வாக்கிங் போகவில்லை. இனி தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்க ஆசை. மகள் பிள்ளையை மடியில் போட்டு சோப்பு தேய்த்தாள். குழாயைத் திறந்தாள். நூலாக வந்தது. ஹீட்டர் அணைந்தது. சில்லென்ற தண்ணீர் பட்டுப் பிள்ளை வீறிட்டது.

பூட்டியும் எப்படி? செகரட்டரிக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

வாசலில் டிரைவர். மூச்சு வாங்க, முட்டியில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"மொட்டை மாடி சாவி கொஞ்சம் குடுங்க சார். சீக்கிரம்."

வசமாக மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார் செகரட்டரி. சாவியைக் கொடுக்காமல் தானே முன்னால் ஏறிப்போய்ப் பூட்டைத் திறந்தார். "போப்பா. நீ என்ன பண்றேன்னு நானும் பாக்கறேன்."

டிரைவர் வால்வுகளின் வரிசையோடு நடந்தார். கடைசி மாடிக் குழாயைத் தாண்டிப் போனார். மற்ற மாடிகளையும் தாண்டி, ஓரமாக இருந்த ஒன்றின் முன் குனிந்து மளமளவென்று மூடினார். அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் 'தரைத்தளம்' என்று எழுதியிருந்தது. அதை எழுதியதே செகரட்டரிதான்.

கீழேயிருந்து மகளின் குரல் கேட்டது. "அப்பா, தண்ணி வந்துடுச்சு."

செகரட்டரி அந்தப் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும் என்பது அவருக்குத் தெரியாததா? தொட்டிக்குக் கீழேயே இருக்கிற வீட்டுக்கு அழுத்தம் குறைவு. தரைத்தளத்தில் குழாய்களைத் திறந்தால் இருக்கிற வேகமெல்லாம் அங்கே போய்விடும். பேரன் குளிக்கும் நேரத்துக்கு இந்த மனிதர் தன் வீட்டுத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். குளித்து முடித்த பிறகு மறுபடி ஏறி வந்து திறந்திருக்கிறார். செகரட்டரி பார்த்ததெல்லாம் அவர் திறந்துவிட்டு இறங்குவதை மட்டும்தான்.

"உங்க வீட்டுக்குத் தண்ணி?" என்று கேட்டார்.

"முன்னாடியே பக்கெட்டுல பிடிச்சு வச்சுக்குவோம் சார். குழாயத் திறக்காதீங்கன்னா எங்க வீட்டுல யாரு கேக்குறா? வால்வை மூடினாத்தான் கேக்குறாங்க."

"எங்களுக்குத் தண்ணி வரலேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாராவது சொல்லணுமா? நம்ம ரெண்டு வீட்டு பாத்ரூம் ஜன்னலும் ஒரே சந்துலதானே சார் இருக்கு. மேல பேசுறது கீழ அப்படியே கேக்கும்."

செகரட்டரிக்கு உடம்பு கூசியது. நேற்று அந்த ஜன்னலைப் பார்த்துப் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அப்ப நான் பேசினதெல்லாம்..."

டிரைவர் கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"எனக்குக் குழந்தை அழுதது மட்டும்தான் சார் கேட்டுச்சு."