முதலாளி கெடுத்த திரை

"ஏனுங்க சார், இன்னைக்கும் கை வெச்சுட்டீங்களா?"

ஆபீசுக்கே கேட்கும்படி கேட்டேன். முதலாளி லட்சுமணசாமி தலையைச் சொறிந்தார்.

"தெரியாம தொட்டுப்போட்டனுங்க மோகன். கோவிச்சுக்காதீங்க."

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். கணபதிப் பகுதியில் இருந்த எங்கள் பம்ப் கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வந்த புதிது. கோயமுத்தூரிலேயே அதைத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. என் வாயை நினைத்தால்தான் கூசுகிறது.

கெடுவது எப்போதும் ஒரே கம்ப்யூட்டர். டைப்ரைட்டரிலிருந்து மாறிய ராமாமணி அம்மாவுடையது. புது மெஷின் வந்ததிலிருந்தே தன் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தார் அவர்.

எண்ணூறுக்கு அறுநூறு என்று திரையை அமைத்து, கடிதம் முழுசாகத் தெரியும்படி வைத்துவிட்டுப் போவேன். மறுநாள் காலை பார்த்தால், எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி பெருத்து, பாதிக் கடிதம் திரைக்கு வெளியே போயிருக்கும்.

அமைப்பை மாற்றத் தேவையான ரூட் பாஸ்வேர்டு என்னிடமும் முதலாளியிடமும்தான் இருந்தது. அவரைத் தவிர வேறு யார்?

திரை அமைப்பை எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்து பார்க்கும் பொறுமை எனக்கு ஏது? ஃபிளாப்பியில் நான் எடுத்துவைத்திருந்த பழைய நகலை அதன்மேல் போட்டு அழித்துவிடுவேன். ரெண்டே நிமிஷம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

அன்றைக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாஸ்வேர்டை மாத்திடறேன் சார். உங்களுக்குத் தர மாட்டேன்."

அவர் முகம் வாடிவிட்டது.

"வேண்டாமுங்க. ஒருக்கா அந்த ஃபைலைப் படிச்சுப் பாருங்களேன்."

"நீங்க கெடுத்ததுல படிக்கறதுக்கு என்ன சார் இருக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே போய்விட்டார். ராமாமணி அம்மா எனக்கு இடம் விட்டு எழுந்து வெளியே போனார்.

ஃபிளாப்பியைச் செருகினேன். கர்ரென்று இழுத்துவிட்டு நின்றுபோனது. வேறு வழியில்லாமல் ஃபைலைத் திறந்தேன்.

ஒரு தப்புகூட இல்லை. என்னைவிடச் சுத்தமாக எழுதியிருந்தார் மனுஷன்.

உச்சியில், # குறி போட்ட ஒரு வரி. அந்தக் குறி போட்டால் மெஷின் படிக்காது, மனுஷனுக்கு மட்டும்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:

'மோகன், ஆறாவது தடவையா எழுதறனுங்க. எழுத்து பெருசாவே இருக்கட்டும். ராமாமணி அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. வேலை போயிரும்னு மறைக்கறாங்க. நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.'