நிறைவாக, முடிவாக, இறுதியாக

“இறுதியாக ஒன்றைச் சொல்லி என் உரையை முடித்துக்கொள்கிறேன்” என்று மைக்கில் ஒலித்ததும், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்தார்.

“உள்ள வை” என்றார் பக்கத்தில் நின்ற பேக்கிங்காரர். எந்தச் சொல்லைக் கேட்டாலும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார் என்பதால், தொழிற்சாலையில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். “இறுதியாகன்னா இன்னும் ரெண்டு கதை பாக்கின்னு அர்த்தம்.”

“யோவ், அஞ்சு மணிக்கு என் பொண்ணுக்கு ஃபைனல் மேட்ச். அவதான் கோல் கீப்பர். போன மேட்சுக்கே வரேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். இன்னிக்கும் போகலைன்னா ஜென்மத்துக்கும் என்கூட பேசமாட்டா.”

புது இயந்திரத்தின் தொடக்க விழா அது. இயந்திரத்தைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் இன்ஜினியர் காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். வந்ததிலிருந்து டீயும் ஜூஸுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து உபசரித்த முதலாளி, அவரை அப்படியே மேடையில் ஏற்றிவிட்டார்.

இன்ஜினியரின் மொழி தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். முதலாளியின் மச்சான். அந்த நாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் மொழிபெயர்க்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு முடியும்வரை ஒரு ஈ, காக்கைகூட வெளியே போகக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. வாசலில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மச்சானின் கையிலிருந்த, பேச்சு எழுதிய தாள் எப்போதோ மடிந்து சட்டைப்பைக்குள் போயிருந்தது. இன்ஜினியர் அவர் பக்கம் சாய்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் முடியும்போது குரலின் வால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

மச்சான் மைக்கைப் பிடித்தார். “முடிவாக, இந்த இயந்திரமும் உங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று கூறி அமர விரும்புகிறேன்!”

“உக்காரப் போறாராம்!” என்றார் டிரைவர்.

“விரும்புறேன்னுதானே சொன்னாரு? உக்காருறேன்னு சொல்லலையே. நல்லா கேட்டுக்கோ. முடிவாகன்னா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். நிறைவாகன்னா இன்னும் மனசு நிறையலைன்னு அர்த்தம். சுருக்கமான்னு சொன்னா இனிமேதான் ஆரம்பம். மைக்கை விட்டு கை எடுத்தா மட்டும் நம்பு.”

மேடையில் இன்ஜினியர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மறுபடி அதே சொல்லைச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக.

“நிறைவாக,” என்றார் மச்சான், “எண்ணெய் போடாத இயந்திரமும் அன்பு காட்டாத மனிதனும் ஒன்று!”

சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள். அது பிடித்துப்போய் மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஏய்யா, அந்த மனுஷன் ஒரே வார்த்தையத்தானே திரும்பத் திரும்பச் சொல்றாரு?” என்றார் டிரைவர்.

“அதான் விஷயம்!” அகராதியின் கண்கள் பளபளத்தன. “பாவம், அவங்க பாஷையில முடிக்கிறதுக்கு இருக்கிறதே ஒரு வார்த்தைதான். நம்மகிட்ட இறுதி, முடிவு, நிறைவு, கடைசின்னு கொட்டிக் கிடக்குது. மச்சான் சார் ஒவ்வொண்ணா எடுத்து விடுறாரு. லேசுப்பட்ட ஆளு இல்லய்யா!”

“அந்த இன்ஜினியர் ஏன் இப்படி நெளியறாரு?”

“நம்மள விட்டுப் பிரியணுமேன்னு உணர்ச்சிவசப்படுறாரு.”

இன்ஜினியர் மச்சானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சொல்லையே மூன்று முறை சொன்னார்.

“கடைசியாக மூன்று கருத்துகள்!” என்றார் மச்சான்.

டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. சாவியைப் பைக்குள் போட்டார். சுண்டுவிரலைத் தூக்கிச் சூப்பர்வைசருக்குக் காட்டினார். நம்பிக்கை வரட்டும் என்று முகத்தைச் சுளித்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை ஒட்டவைத்தபடி தத்தித் தத்தி வாசலை நோக்கி நடந்தார். சூப்பர்வைசர் வேறு வழியில்லாமல் விலகினார்.

மேடையிலிருந்த இன்ஜினியர் அதைப் பார்த்தார். அடுத்த நொடி மேஜையைச் சுற்றி ஓடி, மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவரின் பின்னால் பாய்ந்தார்.

“போச்சு!” அகராதி தலையில் கை வைத்தார். “பேசிக்கிட்டு இருக்கும்போது பாதியில போனா யாருக்குத்தான் கோபம் வராது? இவன் வேலை காலி.”

மச்சான் ஓடுகிறவரை எட்டிப் பார்த்தார். பிறகு மைக்கை நெருங்கினார். “பேச வார்த்தை வராமல் விருந்தினர் கண்ணீரோடு விடைபெறுகிறார். இத்துடன் விழா இனிதே நிறைவடைகிறது!”

கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது. அகராதி பதறியடித்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். டிரைவர் சிரித்தபடி பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“என்னய்யா ஆச்சு? புடிச்சு திட்டினாரா?”

“திட்டலய்யா. கையைப் புடிச்சுக்கிட்டு, மேடையில சொன்ன அதே வார்த்தையச் சொன்னாரு. நான் ஒரு கதவைக் காட்டினேன். கும்பிட்டுட்டு உள்ள ஓடிட்டாரு.”

“கதவா? அப்போ அந்த வார்த்தைக்கு முடிவாகன்னு அர்த்தம் இல்லையா?”

டிரைவர் சைக்கிளில் ஏறி மிதித்தார்.

“கக்கூஸ் எங்கன்னு அர்த்தம்யா!”