பொன்னுக்கு வீங்கி

“இல்லை” என்றான் அவன்.

சர்க்கரை? இல்லை. சிகரெட்? இல்லை. அடிபட்டது, ஆபரேஷன்? இல்லவே இல்லை.

பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் போடாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம். எத்தனை டாக்டர்கள் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டார்கள். கருக்குழாயில் மருந்து ஏற்றினார்கள். தொப்புளில் துளை போட்டார்கள். குறை ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்கப்புறமும் மாமியார் அவளைக் கோயில் தரையில் மண்சோறு தின்ன வைத்தாள்.

அவனைச் சோதிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இந்த டாக்டரம்மாதான் பிடிவாதமாக வரவழைத்தார். முடிவு மேசைமேல் கிடந்தது. விந்தணு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்விகள்.

“பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?”

“இல்லை.”

அடப்பாவி!

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்லும் கதை அது. மகனுக்குப் பதினாறு வயதில் இரண்டு தாடையும் வீங்கிவிட்டதாம். தன் கழுத்திலிருந்த ரெட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவனுக்குப் போட்டாளாம். தங்கம் பட்டதும் வீக்கம் வடிந்துபோச்சாம். ராசா மாதிரி இருந்தானாம்.

“வந்துச்சு டாக்டர். பதினாறு வயசுல” என்றாள் அவள்.

அவன் முறைத்தான். முறைக்கட்டும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது விரையும் வீங்கியதா என்று கேட்டார்.

அவன் தன் முழங்காலைப் பார்த்தபடி ஆமென்று தலையை ஆட்டினான்.

நடக்கவே முடியாமல் படுத்துக்கிடந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம்.

அந்த வீக்கத்தால் விந்தணு அற்றுப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். இன்னும் சில பரிசோதனைகள் எழுதினார். எல்லாம் அவனுக்கு.

வெளியே வராந்தாவில் நிற்க இடமில்லை. கதவு திறந்ததுமே மாமியார் எழுந்து வந்தாள்.

“என்னவாம் இவளுக்கு?”

அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.

“இன்னும் டெஸ்ட் எடுக்கணுமாம்.”

யாருக்கு என்று சொல்லவில்லை.

மாமியார் கூட்டத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மலட்டுச் சிறுக்கியக் கட்டிவச்சு எம்புள்ள பொழப்பே நாசமாப் போச்சு!”

கல்யாண வீடு, காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு. எந்த இடத்திலும் குரலைத் தணித்ததில்லை அந்த மனுஷி. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்திருந்தது. இன்றைக்கு மரக்கவில்லை.

“அத்தை. பொன்னுக்கு வீங்கி வந்தப்ப ஒங்க மகனுக்குத் தாடை மட்டுந்தான் வீங்குச்சா?”

மாமியாரின் கை நெற்றியிலேயே நின்றது.

இதை ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. மகனைப் பார்க்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். மருமகளின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“மெல்லப் பேசு ஆத்தா. நாலு பேரு இருக்காக.”

ஆக, தெரியும். இத்தனை வருஷமும் தெரியும்.

அவள் கையை உதறினாள்.

கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.