எடுக்கும் நேரம்

தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வயசு தப்பாக இருப்பதைப் பார்த்ததும் சூசைமாணிக்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா ஆண்ட்ரூஸ், எனக்கு எழுபத்திரண்டா? முழுசா எழுபத்தி நாலு முடிஞ்சாச்சு. செத்தவனுக்கு வயசக் கொறச்சு என்னடா ஆகப்போகுது?"

மகன் ஆண்ட்ரூஸ் சிரித்தபடியே போனில் வயதைத் திருத்தினான். மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். கேன்வா ஆப்பில் போஸ்டர் போடுவது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. 'இறைவனில் இளைப்பாறினார்' என்ற எழுத்துக்குக் கீழே சூசைமாணிக்கம் பட்டு வேட்டியில் ஜம்மென்று இருந்தார். அந்தப் போட்டோவைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்.

"நம்மூரு குரூப்புல போட்றாதடா. ஜனங்க மாலையோட வந்து நின்னுருவாங்க."

வேறு என்னதான் செய்வது? மகள் நான்சி குவைத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இங்கே குடும்பமே அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. மூன்று வருஷமாக லீவு கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. பெற்றவர் செத்தால்தான் லீவு என்று கம்பெனி ஒற்றைக்காலில் நின்றது. மகள் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்காகப் போஸ்டரில் செத்துவிட்டுப் போகிறேன் என்று கிழவரே யோசனை சொல்லிவிட்டார்.

"ஏன்டா, கம்பெனில டெத் சர்ட்டிபிகேட் கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்பப் பாத்துக்கலாமுங்கப்பா."

சாவுக் காரியம் அவருக்குப் புதுசும் இல்லை. செத்துப்போன மனைவியின் பேரில் ஓர் அறக்கட்டளை வைத்து, சுற்று வட்டாரத்துச் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டியை இலவசமாகக் கொடுத்து வருகிறார். போன வருஷம் இடுப்பு எலும்பு முறிந்து அவர் கட்டிலோடு கிடையாகிவிடவே, ஆண்ட்ரூஸ் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிட்டான். கூகுள் ஃபார்மில் விவரம் நிரப்பினால் காலண்டரில் ஏறிக்கொள்ளும். கிழவர் போனில் 'டிங்' என்று சத்தம் வரும். பெட்டி வண்டி ஓட்டும் செங்கோடனுக்கும் அதே நிமிஷம் தகவல் போய்விடும்.

"இதையக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கோணும்" என்று கிழவர் வாய் ஓயாமல் சொல்வார். செங்கோடனுக்குக் கண்டிப்பான உத்தரவும் போட்டிருந்தார். "ஃபார்ம் நெரப்பாதவனுக்குப் பொட்டி கெடையாது. நம்ம ஊடாவே இருந்தாலும் சரி!"

அதில் ஒரே ஒரு குளறுபடிதான். ஃபார்மில் 'பெட்டி வைக்கும் நேரம்', 'எடுக்கும் நேரம்' என்று போட்டு வைத்திருந்தான் ஆண்ட்ரூஸ். சாவு வீட்டில் எடுப்பது என்றால் வேறு அர்த்தம் ஆச்சே! பெட்டியைத் திரும்ப எடுக்கும் நேரத்தைக் கேட்டால் ஜனங்கள் பிணத்தை எடுக்கும் நேரத்தை எழுதினார்கள். அதனால் கிழவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, "ஏனுங்க, எடுக்கறதுன்னு போட்டிருக்கறீங்களே, பொட்டியையா, ஆளையா?" என்று கேட்டுக்கொள்வார். படுத்த படுக்கையில் அவருக்கு மிஞ்சிய உத்தியோகம் அது ஒன்றுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் ஆண்ட்ரூஸ் விழுந்து விழுந்து சிரிப்பான்.

போஸ்டர் வேலை செய்தது. நாலாம் நாள் காலையில் நான்சி வந்து இறங்கினாள்.

"வா சாமி, வா! எளச்சுப் போயிட்டயே கண்ணு!"

கிழவருக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. அவளும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையை நிறுத்துவேனா என்கிறாள். "அடக் கிறுக்கி, நானென்ன நெசமாவா செத்துட்டேன்?" என்று அவர்தான் கேலி பண்ணித் தேற்ற வேண்டியிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் அவளுக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்தவள் அண்ணனைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய்க் குசுகுசுவென்று பேசினாள். மூன்று வருஷக் கதை, பேச எவ்வளவோ இருக்கும் என்று கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பெற்ற பிள்ளைகள் இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். அவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மூன்றரை மணிக்கு 'டிங்'.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். இறந்தவர் பெயர்: சூசைமாணிக்கம். முகவரி: இதே வீடு. வயது எழுபத்தி நாலு. அதையாவது சரியாகப் போட்டிருந்தார்கள். பெட்டி வைக்கும் நேரம் இன்று மாலை ஆறு மணி. எடுக்கும் நேரம் நாளை மாலை நாலு மணி.

கிழவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் ஆண்ட்ரூஸ்! கம்பெனிக்கு இதையும் காட்டோணுமாக்கும்? செங்கோடன் நெசமாவே பொட்டியோட வந்து நிக்கப்போறான்டா! அது கெடக்கட்டும், நாலு மணிக்கு எடுக்கறது பொட்டியையா, ஆளையா?"

ஆண்ட்ரூஸ் சிரிக்கவில்லை. வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். நான்சி கையில் டம்ளரோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, அப்பாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கம்பெனில சர்ட்டிபிகேட் கேக்கறாங்கப்பா, பாலைக் குடிச்சிருங்க."