பதினேழாவது லைன்

மணி ஒன்று நாற்பத்தொன்று. நாற்பது லைன்களில் முப்பத்தொன்பது அடங்கிவிட்டன.

ஒன்று மட்டும் அடங்க மறுத்தது.

பதினேழாவது லைன். திரையில் அதன் பக்கத்தில் ஒரு '1' அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் மையம் அது. பெரிய ஹாலில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. சாப்பாட்டு இடைவேளை, இரண்டு மணிவரை வெளியிலிருந்து எந்த அழைப்பும் உள்ளே வராது. ஆபரேட்டர்கள் கும்பலாக கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. மூன்று வாரமாகவே கூப்பிடவில்லை. புரோகிராமைச் சரிசெய்ய வந்தவளை, ஃபேன் ரிப்பேருக்கு வந்தவளைப் போலத்தான் பார்ப்பார்கள். முடிந்ததும் போய்விடுவாள், பெயரெதற்கு?

மையத்தின் மென்பொருளில் தொலைபேசியைக் கையாளும் பாகம் ஆதிகாலத்தது. ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பொருளாக வைத்துக்கொண்டு, அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும். எல்லோரும் விட்டால்தான் லைன் விடுதலை.

அதன் மேல் உட்கார்ந்த புது புரோகிராமோ பொறுப்பில்லாதது. 'விட்டுவிட்டேன்' என்று சொல்லவே சொல்லாது. முடிந்த அழைப்புகளைக் குப்பையாக அள்ள புரோகிராமுக்குள்ளேயே ஒருவர் உண்டு. மனசு வைத்தால் வருவார். அவர் வருவதற்குள் நாற்பது லைனும் அடைத்துக்கொள்ளும்.

அதற்குத்தான் அவள் 'ஸ்மார்ட் பாயிண்டர்' என்றொரு கணக்குப்பிள்ளையை எழுதினாள். அழைப்பை யார் கையில் எடுத்தாலும் ஒன்று கூட்டும். வேலை முடிந்த நொடியே ஒன்று கழிக்கும். கடைசிக் கையும் விட்டால் பூஜ்யம். பொருள் காலி.

இரண்டு மணிக்குள் நாற்பதும் பூஜ்யம் காட்டியாக வேண்டும்.

"இன்னிக்கும் தொங்கிச்சுன்னா உன் சரக்கைத் தூக்கிட்டுப் பழசையே போட்டுடுவேன். நீயும் கிளம்பிடலாம்மா," என்று காலையில் மேனேஜர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான்.

ஒன்று ஐம்பது.

பதினேழு எப்போது தொடங்கியது? பதினொன்று பத்துக்கு.

இரண்டு மணி நாற்பது நிமிடம்! சோப்புத்தூளை எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்க எவரும் அவ்வளவு நேரம் பேசமாட்டார்.

அப்படியானால் கசிவு. எங்கோ ஒரு கை விட மறந்திருக்கிறது.

தான் எழுதியதை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தாள். கூட்டல் சரி. கழித்தல் சரி. பாயிண்டர் அடித்துச் சொன்னது: ஒருவர் பிடித்திருக்கிறார்.

ஆளே இல்லாத ஹாலில் யார்?

ஒன்று ஐம்பத்தேழு.

இதற்கென்று ஒரு முரட்டுக் கட்டளை உண்டு. எத்தனை கை பிடித்திருந்தாலும், யாரையும் கேட்காமல், அத்தனையையும் உதறிவிடும். நல்ல புரோகிராமர் அதன் பக்கம் போகமாட்டார்.

போனாள்.

பூஜ்யம்.

செருப்புச் சத்தங்களோடு கூட்டம் திரும்பியது. பதினேழாவது லைனைப் பார்க்கும் அக்கா மேஜையில் கிடந்த ஹெட்செட்டை எடுத்துக் காதில் வைத்தாள். உதறினாள். மறுபடி வைத்தாள்.

"யாருடி என் லைனை கட் பண்ணது?"

"நான்தான்க்கா. யாரும் பேசாம சும்மா தொங்கிட்டு இருந்தது."

"சும்மா இல்ல தங்கச்சி. ஒரு பெரியவர். தினம் பதினொன்னு பத்துக்கு டாண்ணு பண்ணுவாரு. மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல. 'வெச்சுடாதம்மா, நாலு பேர் பேசுற சத்தம் கேட்டுட்டு இருக்கட்டும்'பாரு. நானும் ஒரு பழைய ஹெட்செட்டை மேஜை மேல போட்டு வெச்சுட்டு, என் வேலையைப் பார்ப்பேன். அந்தப் பக்கம் அவரும் சாப்பிடுவாரு." அக்காவின் குரல் இறங்கியது. "பொண்ணு வாங்கிக் கொடுத்த மெஷினாம். தங்கமான பொண்ணு, பாவம் நேரம்தான் இல்லைன்னு அவரே அவளுக்கு வக்காலத்து வேற."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். மேனேஜருக்கு அனுப்பவேண்டிய அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி: துண்டிக்கப்பட்ட எண்.

பதிவைத் திறந்தாள்.

முதல் மூன்று இலக்கங்களுக்கு மேல் அவள் படிக்கவில்லை. மீதி தெரியும். எங்காவது தொலைந்துபோனால் சொல்வதற்கென்று ஐந்து வயதில் மனப்பாடம் செய்த எண்.

கைப்பேசியை எடுத்து அதை அழுத்தினாள்.

எங்கேஜ்டு.

மறுபடி அழுத்தினாள். எங்கேஜ்டு.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்:

"அக்கா! உங்க பெரியவர் என் லைன்ல வந்துட்டாரு. 'நான் ஏதாவது தப்பா பேசிட்டேனாம்மா'ன்னு கேக்குறாரு!"